பிரித்தானியாவில் வெளிநாட்டு இணைய விற்பனையாளர்கள் வற் (VAT, பெறுமதி சேர் வரி) கட்டாததால் உள்ளூர்க் கடைகளுக்கு உண்மையில் பாதிப்பு உண்டா?

உண்டு. இணைய வியாபாரத்துக்குச் செலவு குறைவு என்பதால் வரும் போட்டி வேறு, வரியைக் கட்டாமல் விற்பதால் வரும் போட்டி வேறு. பலர் இரண்டையும் கலந்து பேசுவதால்தான் இதை எழுதுகிறேன். கடை தொடங்கும் எண்ணத்தோடு நீங்கள் கேட்டிருப்பதாக எடுத்துக்கொண்டு, மேற்கு லண்டனில் கைத்தொலைபேசிக் கடையொன்றை நீண்டகாலமாக நடத்துபவன் என்ற முறையில் கணக்கோடு சொல்கிறேன்.

நான் 12 பவுணுக்கு விற்கும் ஒரு சார்ஜரின் விலைக்குள் 20 வீத வற் அடங்கியிருக்கிறது. அதாவது வரிக்கு முந்திய விலையான 10 பவுணில் 20 வீதம், விற்கும் விலையில் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு, 2 பவுண் அரசுக்குரியது. மீதியில் கொள்முதல் விலையான 7 பவுண் போனால், கடை வாடகை, கடைக் கட்டடத்துக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் பிஸ்னஸ் ரேட்ஸ் வரி, சம்பளம், மின்சாரம் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 3 பவுண். அதே சார்ஜரை இணையத்தில் வற் கட்டாமல் 10.50 பவுணுக்கு விற்பவர், என்னைவிட ஒன்றரைப் பவுண் குறைத்து விற்றும், வரி போக என் கைக்கு வருவதைவிட 50 பென்ஸ் கூடுதலாகப் பெறுகிறார். பலரும் பொருள் விற்கும் இணையச் சந்தைத்தளத்துக்கு அவர் தரகு கொடுக்கவேண்டுமே என்று யாராவது சொல்லக்கூடும். அந்தத் தரகையும் கொடுத்து, வற்றையும் ஒழுங்காகக் கட்டி, அதே தளத்தில் விற்கும் உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். என்னைவிடக் கூடுதலாக அடிபட்டவர்கள் அவர்கள்தான்.

2016ஆம் ஆண்டளவில், வழமையாக வரும் டாக்சி சாரதி ஒருவர் தன் கைத்தொலைபேசியில் ஒரு விலையைக் காட்டி, "அண்ணை, இந்த விலைக்குத் தந்தா உங்களிட்டயே வாங்கிறன்" என்றார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உழைத்த காசை யாரும் பார்த்துத்தான் செலவழிப்பார்கள். ஆனால் அது என் கொள்முதல் விலைக்கு மிக அண்மையில் இருந்ததால், நானே ஒன்றை வாங்கிப் பார்த்தேன். மறுநாளே பொதி வந்தது, அனுப்பிய இடம் இங்கிலாந்திலுள்ள ஒரு களஞ்சியம். பொருளை இந்த நாட்டில் வைத்து விற்கும் வெளிநாட்டு விற்பனையாளர் முதல் விற்பனையிலிருந்தே வற்றுக்குப் பதிந்திருக்கவேண்டும் என்பது சட்டம். வற் இலக்கத்துடன் பற்றுச்சீட்டு கேட்டேன். அதற்குப் பதிலாக 2 பவுண் திருப்பித் தருவதாக எழுதினார். தளத்திடம் முறையிட்டபோது, வரி விற்பனையாளரின் பொறுப்பு என்று பதில் வந்தது. சில வாரங்களில் அந்த விற்பனையாளரின் பெயர் மறைந்து, அதே படங்களுடன் வேறொரு பெயர் தோன்றியது.

இது என் ஒருவனுடைய மனக்குறை என்று நினைப்பவர்கள், தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2017 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையைப் பார்க்கலாம். இவ்வகை விற்பனையால் 2015-16இல் 1 முதல் 1.5 பில்லியன் பவுண் வரை வரி இழக்கப்பட்டதாக வரித் திணைக்களமே மதிப்பிட்டிருந்தது. சீன வியாபாரிகள்மேல் எனக்குப் பொறாமை என்றும் சிலர் எழுதுவார்கள். என் கடைப் பொருட்களில் பெரும்பகுதி சீனாவில் செய்தவைதான், அவை இறக்குமதி வரி கட்டி வந்தவை. எங்கள் ஆட்களிலும் காசாக வாங்கிக் கணக்கில் காட்டாதவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், அதுவும் தவறுதான். ஆனால் அவர்களுடைய கடைக்குள் அதிகாரி நடந்து வந்து புத்தகத்தைக் கேட்கமுடியும். கடல் கடந்திருப்பவரிடம் யார் போய்க் கேட்பது?

2021 ஜனவரி 1 முதல், வெளிநாட்டு விற்பனையாளர் இங்கு வைத்து விற்கும் பொருளுக்கான வற்றை இணையச் சந்தைத்தளமே அறவிட்டுச் செலுத்தவேண்டும் என்று சட்டம் மாறியது. வெளிநாட்டிலிருந்து நேரே வரும் 135 பவுணுக்கு மேற்படாத பொதிகளுக்கும் அதே விதி வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 15 பவுண் வரையான பொதிகளுக்கு இருந்த வற் விலக்கும் நீங்கியது. அந்த மாற்றத்தின் பலனை நான் கடையில் நேரில் கண்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே விடப்பட்டது: விற்பனையாளர் பிரித்தானியாவில் நிலைபெற்ற நிறுவனம் என்றால் தளம் வற் பிடிக்கவேண்டியதில்லை, 12 மாதங்களில் 90,000 பவுண் விற்பனை வரை அவர் வற்றுக்குப் பதியவும் தேவையில்லை. 2024 மே வரை 12 பவுண் கட்டணத்தில், அடையாளச் சோதனை எதுவுமின்றி இணையத்தில் நிறுவனம் பதியமுடிந்த நாட்டில் வெளிநாட்டு விற்பனையாளர் உள்ளூர் நிறுவனமாக வேடமிடுவது எவ்வளவு சுலபம் என்பதை ஊகிக்கலாம். கார்டிஃபில் ஒருவருடைய வீட்டு முகவரியைப் பயன்படுத்தி 11,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வற்றுக்குப் பதியப்பட்டிருந்த செய்தி 2023இல் வெளியானது. பணிப்பாளர்களின் அடையாளத்தைச் சோதிப்பது 2025 நவம்பரில்தான் கட்டாயமானது.

விற்பனையாளர் எந்த நாட்டவர் என்று பாராமல், விற்கும் கணத்திலேயே ஆறில் ஒரு பங்கைத் தளம் பிடித்துக்கொள்ளவேண்டும் என்பதே என் நிலைப்பாடு. வற்றுக்குப் பதியத் தேவையில்லாத சிறு வியாபாரிகளுக்கு அது சுமை என்பார்கள். சரிபார்த்த பின் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி வைக்கலாம். அதுவரை பொருள் விற்பனையை மட்டும் நம்பிக் கடை எடுக்காதீர்கள். என் கடை இன்று நிற்பது பெரும்பாலும் கைத்தொலைபேசி திருத்தும் வேலையால்தான்.