அடிக்கடி ஒண்ணுக்கு, தலைவலி, கிறுகிறுப்பு: பழைய டிரஸ்ஸர் கிட்ட கேளுங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல டிரஸ்ஸரா, அதாவது மருத்துவ உதவியாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். எதை செக் பண்ணணும்னு சொல்லுவேன், மருந்து எழுதமாட்டேன்.

கே: அண்ணே, வயசு 47, செம்பனை லோரி ஓட்டுறேன். ராத்திரி நாலஞ்சு தடவ ஒண்ணுக்கு போறேன், பகல்ல தலைவலி, எந்திரிச்சா கிறுகிறுங்குது, தாகம் அடங்கல.

தம்பி, தாகமும் சேந்து இருக்கே, அப்ப முதல்ல இனிப்புநீர்தான் (சக்கரை வியாதி) பாக்கணும். ரத்தத்துல சீனி ஏறக்குறைய 10-ஐ (நான் சொல்ற நம்பர் எல்லாம் mmol/L கணக்கு) தாண்டுச்சுன்னா கிட்னியால திருப்பி இழுத்து வைக்க முடியாது, ஒண்ணுக்குல எறங்கிரும், போறப்ப தண்ணியையும் கூட்டிட்டு போகும், உடம்பு காஞ்சு தலைவலி வரும், எந்திரிக்கிறப்ப பிரஷர் எறங்கி தலை சுத்தும். நீங்க தாகத்துக்கு ஐஸ் மைலோ குடிச்சா இன்னும் ஏறும். பசியாறாம காலையில கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) போங்க, ஒரு வெள்ளிதான். வெறும் வயித்துல 7, சாப்பிட்ட பிறகு 11.1, அதுக்கு மேலன்னா விஷயம் இருக்கு. பிரஷரும் பாத்துருங்க. வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?

கே: முட்டி வலிக்கு பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) வாங்குன கேப்சுல்ண்ணே. ரெண்டே நாள்ல வலி பறந்துருச்சு.

நெனச்சேன்! அவ்ளோ சீக்கிரம் பறந்தாலே சந்தேகப்படணும். இந்த மாதிரி சரக்குல டெக்ஸாமெத்தசோன் கலந்திருக்குறத சுகாதார அமைச்சு பல தடவ கண்டுபுடிச்சு சொல்லியிருக்கு. அது ஸ்டீராய்டு, சீனியையும் ஏத்தும் பிரஷரையும் ஏத்தும். எம்.ஏ.எல். நம்பர், அதாவது அரசாங்கத்துல மருந்த பதிஞ்ச நம்பர், இல்லாத டப்பாவ தொடாதீங்க. ஆனா மாசக்கணக்கா சாப்பிட்டிருந்தா பட்டுனு நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. டப்பாவோட டாக்டர பாருங்க.

கே: ஏழு மாசம் கர்ப்பம். ஒண்ணுக்கு அடிக்கடி, தலைவலி விடல, கண்ணு மங்கலா தெரியுது.

ஒண்ணுக்கு அடிக்கடி வர்றது சகஜம்மா. தலைவலியும் கண் மங்கலும் சகஜமில்ல. இப்பவே ஆஸ்பத்திரி போங்க, நாளைக்கு வேணாம்.

கே: போறப்ப எரியுது, லேசா காய்ச்சல்.

கிருமியா இருக்கலாம். ஒண்ணுக்கு டெஸ்ட் எடுங்க.

கே: கக்கூஸ்ல எறும்பு மொய்க்கல, அப்ப எனக்கு சீனி இல்லதானே?

இல்லன்னு சொல்ல முடியாது. சீனி 8 இருந்தாக்கூட ஒண்ணுக்குல எறங்காது, எறும்புக்கு என்ன தெரியும்?

தைப்பிங் அங்கிள் குறுக்க வர்றாரு: "எங்க அப்பா காலத்துல எறும்ப வச்சுதான் கண்டுபுடிச்சாங்க, இப்ப எல்லாம் மெஷின் விக்கிற வேலை!"

அங்கிள், எறும்பு வந்துச்சுன்னா சந்தேகப்படுங்க, வரலன்னா நிம்மதியா தூங்காதீங்க, அவ்ளோதான். எம்பாகிளிஃப்லோசின்னு ஒரு இனிப்புநீர் மருந்து சாப்பிடுறவங்களுக்கு சீனிய ஒண்ணுக்குல தள்ளுறதே அந்த மருந்தோட வேலை, ரத்தத்துல நல்லா இருந்தாலும் எறும்பு வரும். உங்க கணக்குப்படி அவங்க எல்லாருக்கும் நோய் முத்திப்போச்சா?

"அப்ப எங்க அப்பா பொய் சொன்னாரா?"

அப்பாவ ஏன் இழுக்குறீங்க லா. அவர் பாத்தது நெசம், ரொம்ப முத்துன கேசுதான் எறும்பு கண்ணுல படும். நாம அதுக்கு முன்னாடியே புடிக்கணும்ங்குறேன்.

கே: பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு குடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் இதெல்லாம்.

அது தண்ணி எறக்குற மாத்திரை, ஒண்ணுக்கு வரத்தான் செய்யும். ராத்திரி சாப்பிட்டா தூக்கம் போச்சு, காலையில சாப்பிடலாமான்னு கேளுங்க. தலை சுத்துறத கண்டிப்பா சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

கே: அண்ணே எனக்கும் ஒண்ணுக்கு, தாகம்...

மேல லோரி தம்பிக்கு சொன்னத படிங்க.

கே: பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம் எப்ப வரும்?

பெர்கேசோ ஆபீஸ்ல கேளுங்க.

கே: எனக்கும் தாகம், முட்டிக்கு ஒரு கேப்சுல்...

எம்.ஏ.எல். நம்பர்! மேல படிங்கய்யா!

கே: அம்மா இனிப்புநீருக்கு கிளிக்லசைட் சாப்பிடுறாங்க, விடியக்காலையில வேர்த்து கை நடுங்கி தலை சுத்துது.

இது சீனி எறங்குறது, ஏறுறது இல்ல. உடனே விரல்ல குத்தி சீனி பாருங்க, 4-க்கு கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சீனிய தண்ணில கரைச்சு குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க. நெனவு இல்லன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, 999 அடிங்க. ராத்திரி சாப்பிடாம மாத்திரை மட்டும் போடுறாங்களான்னு விசாரிங்க, மாத்திரை அளவ பத்தி இன்னிக்கே டாக்டர்கிட்ட பேசுங்க.