13 வெற்றி, 12 தோல்வி: அந்தக் கணக்கை வைத்து ஒரு பிட்சரை எடை போடலாமா?

கேள்வி: பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர் ஒருவரை ட்ரேட் செய்தால், அதாவது வேறு அணிக்குக் கொடுத்து ஆள் வாங்கினால், ரசிகர்கள் ஏன் புள்ளிவிவரத்தை வைத்து இவ்வளவு சண்டை போடுகிறார்கள்? அவர் எத்தனை ஆட்டம் ஜெயித்தார், எத்தனை தோற்றார் என்று பார்த்தாலே போதாதா?

போதாது. உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கை பரபரத்துவிட்டது. நாளைக்கு எழுதலாம் என்று எழுந்துபோய், மனசு கேட்காமல் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் அமெரிக்கா வந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஜூலை கடைசி வாரம் ஆபீஸில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் போனும் கையுமாக உட்கார்ந்து, யாரை அனுப்பினார்கள், யாரை வாங்கினார்கள் என்று சத்தம் போட்டிருப்பார்கள். பக்கத்து சீட்காரர் ஒரு பிட்சரைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார். நீங்கள் தேடிப் பார்த்தால் அந்த ஆளின் கணக்கில் 9 வெற்றி, 10 தோல்வி. 'இவருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று தோன்றியிருக்கும். 2006-இல் நான் சியாட்டில் பக்கம் வந்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கிரிக்கெட்டில் தோற்ற அணியில் 5 விக்கெட் எடுத்தவரைப் பார்த்து 'இந்தத் தோல்வி இவர் கணக்கில்' என்று யாரும் எழுதுவதில்லை. பேஸ்பாலில் எழுதுவார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஆட்டத்தின் 9 இன்னிங்ஸில், அதாவது 9 சுற்றில், குறைந்தது 5 இன்னிங்ஸ் வீச வேண்டும். அவர் இறங்கும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அந்த முன்னிலையைக் கடைசிவரை விடாமல் காப்பாற்ற வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் அவர் பெயரில் ஒரு வெற்றி ஏறும். இதில் அவர் கையில் இருப்பது பாதிகூட இல்லை. தன் அணி ரன்னே எடுக்காவிட்டால் தேவேந்திரன் வந்து வீசினாலும் வெற்றி ஏறாது.

2010-இல் எங்கள் சியாட்டில் மரினர்ஸ் அணியின் பிட்சர் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். 34 ஆட்டங்களைத் தொடங்கினார். 249 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். 232 ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை மைதானத்துக்குள் அடிக்க விடாமலே அவுட் ஆக்கியது. ஈ.ஆர்.ஏ., அதாவது 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் பொறுப்பில் விட்ட ரன், 2.27. மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கிலேயே அதுதான் குறைவு. அவர் கணக்கில் ஏறியது 13 வெற்றி, 12 தோல்வி. காரணம், அந்த வருடம் மரினர்ஸ் 162 ஆட்டத்தில் எடுத்தது மொத்தமே 513 ரன். ஆட்டத்துக்கு மூன்றும் கொஞ்சமும். 101 ஆட்டம் தோற்றோம்.

செப்டம்பர் 23, டொராண்டோவில் ஆட்டம். முதல் இன்னிங்ஸில் டொராண்டோவின் ஹொசே பட்டிஸ்டா ஒரு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, வேலிக்கு வெளியே போகும் அடி) அடித்தார், அந்த சீசனில் அவருக்கு 50-ஆவது. அதற்குப் பிறகு டொராண்டோவால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. எங்கள் ஆட்களாலும் முடியவில்லை. 1-0.

ஆபீஸில் எங்கள் டீமில் பக்கத்து ஊரான டகோமாக்காரர் ஒருவர் இருந்தார், என்னைவிட இருபது வயது மூத்தவர். ரேடியோவில் கேட்கிற ஒவ்வொரு ஆட்டத்தையும் ஸ்கோர் நோட்டில் பென்சிலால் எழுதுகிற பழக்கம் அவருக்கு. அந்த ஆட்டத்தின் பக்கத்தைக் காட்டினார். டொராண்டோ வரிசையில் முதல் கட்டத்தில் 1, அப்புறம் எட்டாவது வரைக்கும் சுழியம். சியாட்டில் வரிசையில் ஒன்பதும் சுழியம். ஓரத்தில் எங்கள் பேட்டர் இச்சிரோ பெயருக்குப் பக்கத்தில் வட்டம் போட்டு 200 என்று எழுதியிருந்தார். தொடர்ந்து பத்தாவது வருடமாக 200 ஹிட் (பந்தை அடித்து பேஸுக்குப் போய்ச் சேர்வது), அதை எட்டியதும் அதே ஆட்டத்தில்தான். பக்கத்தின் அடியில் ஃபெலிக்ஸ் பெயருக்கு நேராகத் தோல்வியைக் குறிக்கும் 'எல்'. பென்சிலை அழுத்தி எழுதியதில் தாள் கொஞ்சம் பள்ளமாகியிருந்தது.

அந்த வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது யாருக்கு என்பதில்தான் ஆபீஸில் பெரிய சண்டை. நியூயார்க் யாங்கீஸின் சி.சி. சபேத்தியாவுக்கு 21 வெற்றி, டேவிட் பிரைஸுக்கு 19. நியூயார்க்கிலிருந்து வந்திருந்த ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "13 ஆட்டம் ஜெயித்தவனுக்கு விருதா? உங்கள் ஊர் ஆட்டம் வேறு, இது வேறு. உனக்குப் புரியாது." நான் பதில் பேசவில்லை. நவம்பரில் முடிவு வந்தது. முதலிடத்துக்கான 28 வாக்குகளில் ஃபெலிக்ஸுக்கு 21. சந்தோஷத்தில் அன்று மாலை டகோமாக்காரருக்கு நான் காபி வாங்கிக் கொடுத்தேன். ஏதோ ஒரு வருடம் தப்பித் தவறி நடந்தது என்பவர்களுக்கு: 2018-இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 1.70. நேஷனல் லீக் விருதுக்கான முதலிட வாக்குகள் 30-இல் 29 அவருக்கு.

ஈ.ஆர்.ஏ.வும் முழுசாக நம்பக்கூடியது இல்லை என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எனக்கும் தெரியும். வோரோஸ் மெக்ராக்கன் என்ற புள்ளிவிவர ஆய்வாளர் 2001-இல் எழுதியதிலிருந்துதான் இந்த விவாதமே சூடுபிடித்தது. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆகுமா, கேட்ச் ஆகுமா என்பதில் பிட்சரின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று அவர் காட்டினார். ஸ்ட்ரைக்அவுட், வாக் (சரியாக வீசாமல் பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு விடுவது), ஹோம் ரன் மூன்றும்தான் பெரும்பாலும் பிட்சர் கையில் இருப்பவை. அந்த மூன்றை வைத்துப் போடும் கணக்குதான் ஃபிப். நான் அதை எதிர்க்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த மூன்றை மட்டும் நம்பி நானே ஒருமுறை முழுசாக ஏமாந்திருக்கிறேன். இனி எழுதப்போவது அதைப் பற்றி.

2008 பிப்ரவரி. பால்டிமோரிலிருந்து எரிக் பெடார்டை மரினர்ஸ் வாங்கியது. பதிலுக்கு ஆடம் ஜோன்ஸ், கிறிஸ் டில்மன், ஜார்ஜ் ஷெரில் உட்பட ஐந்து பேரைக் கொடுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெடார்ட் முந்தைய வருடம் 182 இன்னிங்ஸில் 221 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். அந்த இரண்டு எண்ணையும் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதி, ஃபெலிக்ஸும் இவரும் ஒரே அணியில் என்றால் யார் அசைக்க முடியும் என்று டகோமாக்காரரிடம் வாதாடினேன்.

அவர் பெடார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 2007-இல் நம் அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்று கேட்டார். 88 என்றேன். எத்தனை ரன் எடுத்தோம், எத்தனை விட்டோம் என்று பார்க்கச் சொன்னார். எடுத்தது 794, விட்டது 813. பேஸ்பால் புள்ளிவிவரங்களைப் பற்றி எழுதும் பில் ஜேம்ஸ் சொன்ன எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், விட்ட ரன் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். எக்செல்லில் போட்டு, வந்ததை 162 ஆட்டத்தால் பெருக்கிப் பார்த்தேன். 79 வெற்றிதான் வந்தது. "நாம் 88 ஆட்டம் ஜெயிக்கிற அணி இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்த விதைநெல்லை எடுத்து விற்றுவிட்டார்கள்" என்கிற பொருளில் சொன்னார். விதைநெல் என்பது என் வார்த்தை. அவர் சொன்ன ஆங்கிலத்துக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமாக எனக்கு வரவில்லை.

பெடார்ட் அந்த வருடம் 15 ஆட்டம், 81 இன்னிங்ஸ்தான் வீசினார். ஜூலைக்குப் பிறகு ஆளைக் காணோம். தோள். அணி 101 ஆட்டம் தோற்றது. 10 கோடி டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்து 100 ஆட்டம் தோற்ற முதல் அணி எங்களுடையதுதான். ஆடம் ஜோன்ஸ் பால்டிமோரில் ஐந்து முறை ஆல் ஸ்டார் ஆனார், அதாவது அந்தந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானார். ஷெரில் அங்கே போன அதே 2008-இலேயே ஆல் ஸ்டார். டில்மனும் பின்னால் ஆனார். அந்த ஸ்ட்ரைக்அவுட் எண் பொய் இல்லை. ஆனால் தோளுக்குள் இருக்கும் சவ்வு எந்த நிலையில் இருக்கிறது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

2012 ஜனவரியில் மறுபடியும் அதே கதை, இந்தமுறை எங்கள் பிட்சர் வெளியே போனார். மைக்கேல் பினேடா, முதல் சீசனிலேயே ஆல் ஸ்டார். 171 இன்னிங்ஸில் 173 ஸ்ட்ரைக்அவுட், கணக்கில் 9 வெற்றி, 10 தோல்வி. அவரை யாங்கீஸுக்குக் கொடுத்து ஹெசுஸ் மொன்டேரோ என்ற இளம் பேட்டரை வாங்கினார்கள். பினேடா தோள் ஆபரேஷனில் இரண்டு சீசன் யாங்கீஸுக்கு விளையாடவே இல்லை. மொன்டேரோ இங்கே தேறவில்லை. யார் ஜெயித்த ட்ரேட் இது? ஒருவரும் இல்லை.

இப்படிப் போனவர்களைப் பற்றிப் பேசினால் டெட்ராய்ட்காரர்களிடம்தான் பேச வேண்டும். 1987 ஆகஸ்டில் டாயில் அலெக்சாண்டரை வாங்க அட்லாண்டாவுக்கு அவர்கள் கொடுத்தது 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸை. அப்போது அந்தப் பையன் மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் 4 வெற்றி, 10 தோல்வி. மிச்சிகன் பிள்ளை, டெட்ராய்ட் ரசிகனாகவே வளர்ந்தவன். அலெக்சாண்டர் வந்ததிலிருந்து 9 வெற்றி, தோல்வியே இல்லை, ஈ.ஆர்.ஏ. 1.53. டிவிஷனையும் ஜெயித்துக் கொடுத்தார். இரண்டே வருடத்தில் அவர் ஓய்வு பெற்றார். ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றியும், கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றியதற்கான 154 சேவும் எடுத்து, 2015-இல் பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். இதை டெட்ராய்டின் முட்டாள்தனம் என்று எழுதுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அந்த இரண்டு மாதத்தில் அவர்களுக்கு வேண்டியது கிடைத்தது.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மகள் சாஃப்ட்பாலில் பிட்சர். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து நேரமில்லாமல் மண் ஒட்டிய சட்டையோடு தமிழ் வகுப்புக்கு வந்தாள். அங்கே ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும், "இதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? பொம்பளப் புள்ள, வெயில்ல கறுத்துப்போறே. கணக்குக் கிளாஸுக்குப் போகலாமில்ல?" என்றார். பத்து வயதுக் குழந்தை. தன் ஈ.ஆர்.ஏ.வைத் தானே தாளில் வகுத்துப் பார்க்கிற பிள்ளை அவள். அதைவிடக் கணக்கு வேறு என்ன வேண்டும்? வயதுக்கு மரியாதை கொடுத்து அன்று பேசாமல் வந்துவிட்டேன். பேசியிருக்க வேண்டும். வீட்டுக்கு வரும்வரை அவள் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

சரி, ஃபெலிக்ஸ். அவரை நல்ல விலைக்கு விற்றிருக்க வேண்டும் என்று வருடாவருடம் சண்டை நடக்கும். கணக்குத் தெரிந்தவர்களே அதிகம் சொன்னார்கள். 2013-இல் 7 வருடத்துக்கு 17.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது தலையில் அடித்துக்கொண்டார்கள். பின்பாதியில் அவர் கை தளர்ந்தது, அவர்கள் கணக்கு சரிதான். ஆனால் பெரிய பிட்சரை விற்று இளம் ஆட்களை வாங்குவதை நாங்கள் செய்யாமலா இருந்தோம்? 2010 ஜூலையில் கிளிஃப் லீயை டெக்சஸுக்கு அனுப்பினோம். எங்களுக்காக 13 ஆட்டத்தில் 89 ஸ்ட்ரைக்அவுட், 6 வாக் மட்டுமே கொடுத்த மனிதர் அவர். அவரோடு டெக்சஸ் அந்த வருடமே இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. எங்களுக்கு வந்த ஜஸ்டின் ஸ்மோக் இங்கே இருந்தவரை எதிர்பார்த்தபடி அடிக்கவே இல்லை.

2013-இல் அந்த ஒப்பந்தம் போடாமல் ஃபெலிக்ஸை விற்றிருந்தால் 2012 ஆகஸ்ட் 15 எங்களுக்குக் கிடைத்திருக்காது என்று சொல்ல மாட்டேன், அது அதற்கு முந்தைய வருடம். டாம்பா பேயோடு பகல் ஆட்டம். ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் மூன்று பேர் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 27 பேர் வந்து 27 பேரும் அவுட், ஒருவர்கூட பேஸுக்குப் போகவில்லை. கடைசி ஆள் மூன்றாவது ஸ்ட்ரைக்கைப் பார்த்தபடி நின்றார். அன்றும் எங்கள் அணி எடுத்தது ஒரே ஒரு ரன். டகோமாக்காரர் நோட்டை ஸ்டியரிங் மேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரைக்அவுட்டைக் குறிக்கும் கடைசி 'கே'யைத் திருப்பி எழுதினார், அடிக்காமல் நின்று அவுட் ஆனால் அப்படித்தான் எழுத வேண்டும்.

ஓய்வு பெற்றுப் போகும்போது அந்த நோட்டில் ஒன்றை என் மகளுக்குக் கொடுத்தார், பின்பாதி வெறும் பக்கங்கள். 2019 செப்டம்பர் 26, ஃபெலிக்ஸின் கடைசி ஆட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனோம். மைதானத்தின் இடது மூலையில் அவருக்கென்றே ஒதுக்கியிருந்த பகுதி முழுக்க மஞ்சள் சட்டை, கையில் 'கே' அட்டை. 15 வருடம் இங்கேயே வீசியும் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாமல் போகிற மனிதர். ஆறாவது இன்னிங்ஸில் அவரை மாற்ற மேனேஜர் வெளியே வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. ஓக்லாந்து 3-1 என்று ஜெயித்தது.

மகள் கடைசிப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எழுதணுமாப்பா?" என்றாள்.

"எழுதும்மா" என்றேன். ஃபெலிக்ஸ் பெயருக்கு நேராக 'எல்' எழுதினாள். மொத்தம் 169 வெற்றி, 136 தோல்வி.