இடைக்கால ஆங்கில நகர வாழ்க்கையைக் காட்டும் நாவல் ஒன்றைச் சொல்ல முடியுமா? அதை எவ்வளவு நம்பலாம்?

கென் ஃபாலெட் எழுதிய 'வேர்ல்ட் வித்தவுட் எண்ட்'. 2007இல் வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1989இல் வந்த 'த பில்லர்ஸ் ஆஃப் த எர்த்' நாவலின் தொடர்ச்சி என்றாலும், கதை சுமார் 150 வருடம் கழித்து நடக்கிறது. அதனால் முதலாவதைப் படிக்காமலே இதில் இறங்கலாம். நான் அப்படித்தான் இறங்கினேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி, பாதியில் முதுகு விட்டுப்போய் இரண்டு புத்தகமாகிவிட்டது. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக அதுவே வசதியாகவும் இருந்தது.

கிங்ஸ்பிரிட்ஜ் என்ற கற்பனை ஊர். கதை 1327இல் தொடங்கி 1361இல் முடிகிறது. காட்டில் நான்கு சிறுவர்கள் ஒரு சண்டையைப் பார்த்துவிடுகிறார்கள், ஒரு கடிதம் மண்ணுக்குள் புதைகிறது. இது ஆளைப் பிடித்து உட்கார வைக்கும் தூண்டில். எனக்கு அந்தக் கடிதத்தைவிட ஊர்ப் பாலம்தான் பெரிதாகப் பட்டது. ஊருக்குள் கம்பளிச் சந்தைக்கு வருகிற வண்டிகளெல்லாம் ஒரு பழைய மரப்பாலத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். காத்து நிற்கும் வியாபாரி அடுத்த வருடம் வேறு சந்தைக்குப் போய்விடுவான். புதுப் பாலம் கட்டப் பணம் யார் போடுவது, சுங்கம் யாருக்குப் போவது என்று ஊரை ஆளும் கிறிஸ்தவத் துறவி மடத்துக்கும் வணிகர்களுக்கும் இழுபறி. ஒருநாள் கூட்டம் நிற்கும்போதே பாலம் சரிந்து விழுகிறது.

அப்புறம் மெர்தின் என்ற இளைஞன் கல்பாலம் கட்டுகிறான். ஆறு, தூணின் காலடி மண்ணை அரிக்கும் என்று தெரிந்து, தூண்களைச் சுற்றிக் கல் கொட்டச் சொல்லிவிட்டுப் போகிறான். பின்னால் வந்தவர் அந்த வேலையைச் செய்யவில்லை. சில வருடம் கழித்துப் பாலத்தில் விரிசல். கட்டுமான வேலையோடு பழக்கமுள்ள யாருக்கும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரும்.

சரி, எவ்வளவு நம்பலாம்? மனிதர்களை அரைவாசி, ஊரை முக்கால்வாசி என்பேன். கேரிஸ் என்ற கதாநாயகி எனக்குப் பிடித்தவள்தான். ஆனால் அவள் யோசிப்பது பல இடங்களில் நம் காலத்துப் பெண்ணைப் போல. கொள்ளைநோய் வந்ததும் துணியை முகத்தில் கட்டுகிறாள், வினிகரில் கை கழுவச் சொல்கிறாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்வது அவளும் அவளைச் சேர்ந்தவர்களும் மட்டுமே. வில்லன்களோ பல் துலக்கும்போதுகூட வில்லன்களாகவே இருப்பார்கள் போல. கெட்டவன் கெட்டவனாகவே ஆயிரம் பக்கம் வருவது சீக்கிரமே அலுத்துவிடும்.

ஆனால் ஊர் எப்படி ஓடியது, யார் எதற்கு யாரிடம் காசு கொடுத்தார்கள் என்ற கணக்கு இருக்கிறதே, அதில் ஆசிரியர் பெரும்பாலும் கெட்டி. 1348 கோடையில் டார்செட் கடற்கரையில் மெல்கம் துறைமுகம் வழியாக நோய் இங்கிலாந்துக்குள் வந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் செத்தார்கள். வேலைக்கு ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது. உடனே 1349இல் அரசாணை, 1351இல் சட்டம்: நோய்க்கு முந்தைய கூலிக்குமேல் கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. நாவலில் குவெண்டா, வுல்ஃப்ரிக் என்ற ஏழை விவசாயத் தம்பதி நல்ல கூலி தேடி ஊரைவிட்டுப் போய்ப் படும் பாடு முழுக்க இந்தச் சட்டத்தின் கதைதான்.

இடைக்கால ஊர் என்றாலே தெருவெல்லாம் சாக்கடை, கேட்பாரே கிடையாது என்று படங்கள் காட்டும். ஆனால் லண்டனில் அண்டை வீட்டு எல்லையிலிருந்து கழிவறைக் குழி எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்றே விதி இருந்தது. கல் கட்டிய குழி என்றால் இரண்டரை அடி, இல்லையென்றால் மூன்றரை அடி. அந்த வழக்குகளின் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. ரொட்டிக்கும் சட்டம் உண்டு. ரொட்டியின் விலை மாறாது, கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் எடை இறங்கும். (ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.) நாவல் தொடங்கும் அதே 1327இல் லண்டனில் சில ரொட்டிக்காரர்கள் மாட்டினார்கள். ஊர்க்காரர்கள் பிசைந்த மாவைச் சுட்டுத் தரச் சொல்லிக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். மேஜையில் ஒரு சின்னத் துளை, மூடிபோட்டு மறைத்தது. கீழே ஓர் ஆள் உட்கார்ந்து, மேலே மாவைத் தட்டி உருட்டும்போதே துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளுவான். மேஜைக்கடியில் மாவு அகப்பட்டவர்களைத் தெருவில் மரச்சட்டத்தில் மாட்டி, கழுத்தில் அந்த மாவையே தொங்கவிட்டு நிறுத்தினார்கள். இந்த மாதிரி ஒரு காட்சியை எந்த நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இந்த மாவு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு. அப்பா முப்பது வருடம் மாவு மில் வைத்திருந்தார். மிளகாய் அரைத்த கையோடு கோதுமையைப் போட்டுவிட்டால் அன்று தெருச் சண்டைதான். முதல் பிடி தானியத்தை ஓட்டித் தனியாக எடுத்துவைத்த பிறகே அடுத்தவர் தூக்குவாளியை அப்பா கையில் எடுப்பார். நாவலில் மடாதிபதி காட்வின், ஊர்க்காரர்கள் நெய்த கம்பளித் துணியை மடத்து ஆலையில்தான் கட்டணம் கொடுத்து இறுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். நெய்த கம்பளியைத் தண்ணீரில் போட்டு மிதித்தால் இழைகள் நெருங்கித் துணி கெட்டியாகும். காலால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. அதற்கு எதற்கு மடத்துக்குக் காசு? ஊர்க்காரர்கள் மடத்தின் பிடியிலிருந்து விடுபட நகர உரிமைப் பட்டயம் கேட்டு வழக்குப் போடுவதும், அதற்கு முக்கிய சாட்சியான கேரிஸ் மேல் சூனியக்காரி என்று குற்றம் விழுவதும் இதிலிருந்துதான்.

படித்தபோது, ஆலைக் கட்டணத்துக்கு இவ்வளவு பெரிய ரகளையா, கதைக்காக ஊதிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் வரலாற்றைப் படித்தேன். லண்டனுக்கு வடக்கே இருக்கும் ஊர், பெரிய மடம். அங்கே 1327 முதல் 1336 வரை மடாதிபதியாக இருந்தவர் வாலிங்ஃபோர்ட் ரிச்சர்ட். கொல்லர் மகன், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த கணித மேதை, தொழுநோயாளி. வானத்துக் கோள்களின் நகர்வைக் காட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கோவில் இடிந்து கிடக்க இதற்கா செலவு என்று அரசர் மூன்றாம் எட்வர்ட் கேட்டாராம். கட்டடத்தை எனக்குப் பின் வருகிறவர்கள் கட்டுவார்கள், இதை வேறு யாரும் முடிக்க முடியாது என்றாராம் இவர். காட்வினைப் போல ஒற்றை வண்ண ஆள் இல்லை.

அதே மனிதர்தான் ஊர்க்காரர்களின் திருகைகளைப் பறித்தவரும். வீட்டில் அரைக்கக் கூடாது, மடத்து ஆலைக்கு வா, மாவில் ஒரு பங்கைக் கொடு. மறுத்தவர்களோடு வழக்காடி ஜெயித்து, பறித்த திருகைக் கற்களை மடத்தின் உபசார அறைக்குத் தரையாகப் பதித்துவிட்டார். வந்து போகிற ஊர்க்காரன் தன் வீட்டுக் கல்லைத் தானே மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஏறக்குறைய ஐம்பது வருடம் ஊர் அதை மறக்கவில்லை. 1381இல் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்ததும் செயின்ட் ஆல்பன்ஸ்காரர்கள் மடத்துக்குள் புகுந்து, அந்தத் தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, கோவிலில் ஆசீர்வதித்த ரொட்டியைப் பங்கிடுவதுபோல் ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தார்கள் என்று அதே மடத்துத் துறவி வால்சிங்கம் எழுதிவைத்திருக்கிறார். பறித்தபோது அந்தக் கல்லில் அரைத்தவர்களில் பெரும்பாலானோர் அதற்குள் செத்திருப்பார்கள், வந்தவர்கள் பேரன் பேத்திகள். கிளர்ச்சி அடங்கியதும் ஊர்க்காரர்களுக்குத் தலைமை தாங்கிய வில்லியம் கிரிண்ட்காபைத் தூக்கிலிட்டார்கள்.

ஆகவே நாவலைத் தைரியமாகப் படியுங்கள். முதல் நூறு பக்கம் பொறுத்துக்கொண்டால் பிறகு அதுவே இழுத்துக்கொண்டு போகும். வன்முறையும் பாலியல் கொடுமையும் நிறைய வரும், பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

இந்தத் திருகைக் கதையை அம்மாவிடம் சொன்னேன். உளுந்து உடைத்துக்கொண்டே கேட்டவர், கல் உடைந்த இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "சரி, அதையும் உடைச்சுட்டாங்க. அப்புறம் மாவு எதுல அரைச்சாங்களாம்?"