புரட்டாசியில் பர்கர் கடை: கேள்விகளும் பதில்களும்

புரட்டாசி பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் குழுவில் ஆட்டுக்கறிப் பேச்சு ஓய்ந்து பர்கர் பேச்சு தொடங்கிவிடும். உறைய வைத்த உணவுகள் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வாரம் எந்தக் கடையில் என்ன விற்கிறது என்று கேட்காதீர்கள், மெனு மாறிக்கொண்டே இருக்கும். எப்படிச் செய்கிறார்கள், கவுன்ட்டரில் என்ன விசாரிக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா: "பிளான்ட் பேஸ்டு" (செடியிலிருந்து செய்தது) என்று போர்டில் போட்டிருந்தால் விரதத்தில் சாப்பிடலாமா?

போர்டில் இருப்பது பேட்டியை, அதாவது ரொட்டிக்கு நடுவில் வைக்கும் வட்டமான வடையைப் பற்றிய செய்தி மட்டும்தான், அக்கா. அது எந்தக் கல்லில் வெந்தது என்பதைப் போர்டு சொல்லாது.

அமெரிக்காவில் பர்கர் கிங் 2019-இல் இம்பாசிபிள் வாப்பர் என்ற இறைச்சி இல்லாத பர்கரைக் கொண்டுவந்தபோது, மாட்டிறைச்சி வேகும் அதே அடுப்பில்தான் அதையும் வாட்டினார்கள். தனியாகச் சூடாக்கித் தரச் சொல்லிக் கேட்டால் தருவார்கள். இது தெரியாமல் வாங்கிச் சாப்பிட்ட ஒரு வீகன் (பால், முட்டைகூடத் தொடாதவர்) வழக்குப் போட்டார். தனிக் கல்லில் சமைப்பதாகக் கடை எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்று 2020-இல் வழக்கு தள்ளுபடியானது. அதே ஆண்டு பிரிட்டனில் இவர்களுடைய ரெபெல் வாப்பர் என்ற செடிப் பர்கரின் விளம்பரங்களுக்கு அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடை போட்டது. இறைச்சிக் கல்லில் வாட்டியது, மேலே முட்டை கலந்த மயோனைஸ். சைவ உணவுக்காரர்களுக்கு ஏற்றதல்ல என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே கவுன்ட்டரில் மூன்றைக் கேளுங்கள்: கல் தனியா, எண்ணெய் தனியா, சாஸில் முட்டை உண்டா. கவுன்ட்டர்ப் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். ரொட்டியில் பால் இருக்கலாம். நம்மில் பெரும்பாலோர்க்கு அது பிரச்சினை இல்லை.

பீனிக்ஸ் தம்பி: செடியிலிருந்து செய்த பேட்டி எப்படி ரத்தம் கசிகிறது, அண்ணா?

நல்ல கேள்வி. சோயாச் செடியின் வேர் முடிச்சில் லெக்ஹீமோகுளோபின் என்று ஒரு புரதம் இருக்கிறது. நம் ரத்தத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஹீம்தான் அதிலும் உண்டு. சிவப்பு நிறமும், சூடேறும்போது எழும் இறைச்சி வாசமும் அதனால்தான். வேரைத் தோண்டி எடுத்துக் கட்டுப்படியாகாது. அதனால் இம்பாசிபிள் கம்பெனி சோயாவின் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்துத் தொட்டியில் நொதிக்க விட்டு எடுக்கிறது. மரபணு மாற்றம் வேண்டாம் என்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பியாண்ட் மீட் அந்த வழிக்குப் போகவில்லை. பட்டாணிப் புரதம், நிறத்துக்குப் பீட்ரூட் சாறு.

கொழுப்புக்குப் பல பேட்டிகளில் தேங்காய் எண்ணெய். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது மெத்தில்செல்லுலோஸ். நெய் சூட்டில் உருகி ஆறினால் உறையும் அல்லவா, இது நேர்மாறு: சூட்டில் இறுகும், ஆறினால் இளகும். ஆறிப்போன பேட்டி வாயில் சொதசொதவென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சூட்டோடு சாப்பிடுங்கள்.

டோங்காட்: சிப்ஸ் (நீளமாக வெட்டிப் பொரித்த கிழங்கு) மட்டும் வாங்கினால் போதுமே, உருளைக்கிழங்குதானே?

கிழங்கு சைவம், எண்ணெய்? கோழியும் மீனும் பொரிந்த எண்ணெயை ராத்திரி வடிகட்டி மறுநாள் அதே சட்டியில் ஊற்றுவது வழக்கம். கோழி மாவின் கருந்துகள் சிப்ஸில் ஒட்டியிருப்பதை உற்றுப் பார்த்தால் தெரியும். இன்னொன்று, அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் சிப்ஸில் மாட்டிறைச்சி வாசனைப் பொருள் சேர்த்திருந்தது தெரியவந்து இந்துக்களும் சைவ உணவுக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். 2002-இல் கம்பெனி மன்னிப்புக் கேட்டு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அது அந்த நாட்டுச் செய்முறை, இங்கே அப்படி என்று சொல்ல வரவில்லை. கேட்டுவிட்டு வாங்குங்கள் என்கிறேன்.

வெருளம்: ஹலால் போர்டு இருக்கும் கடையில் பயமில்லையே?

பன்றி இல்லை, அவ்வளவுதான். கோழியும் மாடும் ஹலால்தான்.

ஷால்கிராஸ்: வெஜ் பர்கர் என்று எழுதியிருந்தால் விரதத்துக்கு ஆகுமா?

முதல் பதில். கல், எண்ணெய், சாஸ்.

நியூகாசில்: அரசாங்கம் இதையெல்லாம் தடை செய்ததாகச் சொன்னார்களே?

உணவைத் தடை செய்யவில்லை, பெயரைத்தான். 2022 ஜூனில் வேளாண் துறை, செடிப் பொருள்களுக்கு "வீகன் நக்கெட்ஸ்", "மஷ்ரூம் பில்டாங்" (பில்டாங் என்பது உலர்த்திய இறைச்சி) போன்ற பெயர்கள் கூடாது என்றது. கடைகளிலிருந்து பறிமுதல் செய்யவும் ஏற்பாடு நடந்தது. ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்தப் பறிமுதலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பறிமுதலை எதிர்த்து நின்றவர்களில், இறைச்சி இல்லாத உணவு செய்யும் நம்ம ஊர் ஃப்ரைஸ் (Fry's) கம்பெனியும் உண்டு. 1991-இல் குவாசுலு-நட்டாலில் தொடங்கியது.

இசிபிங்கோ பெரியவர்: கறியை விட்டேன் என்று சொல்லிக் கறி மாதிரியே ருசிப்பதைத் தின்பது என்ன விரதம்? நாக்கை அடக்கத்தானே புரட்டாசி?

வந்துவிட்டது. இந்தக் கேள்விக்குக் கீழே அரை மணி நேரமாகச் சண்டை. பீனிக்ஸ் தம்பி "உயிர்க்கொலை இல்லை, அது போதும்" என்கிறார். ஸ்டேஞ்சர் ஆயா ஒருவர் "ரத்தம் வருகிறதாம், அதைப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துச் சாப்பிடுவாயா?" என்று கேட்க, தம்பி "பர்கரை யாரும் படையல் போடவில்லை, ஆயா" என்றார். அதற்குப் பிறகு குழு குழுவாக இல்லை. பேட்டி பற்றிக் கேட்க வந்தவர்கள்கூட அதில் இறங்கிவிட்டார்கள்.

என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன், ஐயா. நீங்கள் சொல்வது விரதத்தின் உயரமான படி. ஆனால் இங்கே எத்தனையோ வீடுகளில் சோயா மின்ஸில் பட்டாணி போட்டுக் குழம்பும், சோயா சாசேஜ் சட்னியும் வைப்பதால்தான் பதினாறு வயதுப் பையன் மாதம் முழுக்கக் கறி தொடாமல் இருக்கிறான். அதைக் கேலி செய்தால் அடுத்த வருஷம் அவன் விரதமே இருக்க மாட்டான். எனக்குத் தனிப்பட்ட முறையில் ரத்தம் கசியும் பேட்டி பிடிக்காது. பசித்தால் பீன்ஸ் பனி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு நிரப்பியது) வாங்குவேன். அங்கேயும் கண் வேண்டும்: கூடுதல் குழம்பு கேட்டால் ஆட்டுக்கறிச் சட்டியிலிருந்து ஊற்றிவிடுகிற கடைகள் உண்டு.

இனி இந்த விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். ஆயாவும் தம்பியும் போனில் பேசிக்கொள்ளட்டும்.

பைன்டவுன் அக்கா: உடம்புக்கு நல்லதுதானே? சர்க்கரை, கொலஸ்ட்ரால் இரண்டும் இருக்கிறது.

பேட்டியில் கொலஸ்ட்ரால் இல்லை, நார்ச்சத்து கொஞ்சம் உண்டு. ஆனால் உப்பு இருக்கிறது, தேங்காய் எண்ணெய் சேர்த்தவற்றில் அதன் நிறைகொழுப்பும் இருக்கிறது. அமெரிக்காவில் வெளியானபோது சாதாரண வாப்பர் 660 கலோரி, இம்பாசிபிள் வாப்பர் 630. வித்தியாசம் ஒரு கடி. சர்க்கரைக்கு வெள்ளை ரொட்டியும் கோக்கும்தான் முதல் எதிரி. மற்றதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

உம்லாஸ்: சிப்ஸ் சாப்பிடலாமா?

டோங்காட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள். எண்ணெய்!

மெரீபேங்க் அக்கா: பாக்கெட்டில் E471, E631 என்றிருக்கிறது. வாங்கலாமா?

இவை உணவில் சேர்க்கும் பொருள்களின் எண்கள். 471 தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். 631-ஐ மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுப்பதுண்டு, நொதித்தும் செய்வார்கள். எண் மட்டும் பார்த்தால் தெரியாது. பாக்கெட்டில் சைவ முத்திரை இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். 120 இருந்தால் வைத்துவிடுங்கள், அது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு.

மவுன்ட் எட்ஜ்கோம்ப்: வீட்டில் சுட்டால் பேட்டி உடைந்துபோகிறதே?

பாக்கெட்டில் உறைந்த நிலையில் சமைக்கச் சொல்லியிருந்தால் இளக விடாமல் அப்படியே போடுங்கள். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் ஒரு ஸ்பூன். போட்டவுடன் கரண்டியால் அமுக்காதீர்கள், மூன்று நிமிடம் தொடாமல் விட்டால் அடி இறுகித் தானே கல்லைவிட்டுக் கிளம்பும். அப்புறம் திருப்புங்கள்.