வெல்டிங் தொழிலை மெய்நிகர் கருவியிலேயே கற்றுவிட முடியுமா?

ஐ.டி.ஐ.யில் சேரவிருக்கும் ஒருவர், உண்மையான பட்டறைக்குப் போகாமல் மெய்நிகர் கருவியில் (உண்மையான நெருப்பின்றித் திரையில் வெல்டிங் செய்து பழகும் கருவி) மட்டும் பயின்று வெல்டர் ஆகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக முடியாது, ஆனால் கையைப் பழக்கும் முதல் சில வாரங்களுக்கு அதைவிட நல்ல ஆசான் அரிது என்றே கருதுகிறேன்.

மின்பொறியின் வெப்பத்தால் உலோகத்தை உருக்கி இணைக்கும் ஆர்க் வெல்டிங்கில், உருகி இணைப்பை நிரப்பும் கம்பியான ராடின் முனைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி, ராடின் சாய்வு, அது நகரும் வேகம் ஆகிய மூன்றையும் கை ஒரே நேரத்தில் காக்க வேண்டும். 3.15 மி.மீ. தடிமனுள்ள ராடு என்றால் இடைவெளி ஏறத்தாழ 3 மி.மீ. அளவில் நிற்க வேண்டும். ராடோ எரிந்து குறைந்துகொண்டே வரும். பட்டறையில் புதியவர் கறுப்புக் கண்ணாடி வழியே எதையும் தெளிவாகக் காணாமல் ஓட்டி முடித்து, இணைப்பின் மேல் படிந்த கசடைத் தட்டிய பிறகுதான் பிழையை அறிகிறார். மெய்நிகர் கருவியிலோ, பிடியின் அசைவை உணரிகள் தொடர்ந்து அளப்பதால், சாய்வு தவறிய கணத்திலேயே முகக்கவசத்தின் திரை அதைக் காட்டிவிடுகிறது. ராடும் தகடும் வீணாவதில்லை, கண்ணும் கூசுவதில்லை.

இம்முறை புதிதன்று. எட்வின் லிங்க் 1929-இல் உருவாக்கிய பறத்தல் பயிற்சிப் பெட்டியில் அமர்ந்தே இரண்டாம் உலகப்போர்க் கால விமானிகள் பலர் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகினார்கள்.

எனினும் வெப்பம், புகை, தெறிக்கும் பொறி, கேபிளின் கனம், சூட்டில் கோணிக்கொள்ளும் தகடு ஆகியவற்றைத் திரை கற்பிக்காது. ஆகவே, சேருமுன் அந்தப் பயிற்சி நிலையத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையான ராடு எரிக்க விடுகிறார்கள் என்று கேளுங்கள்.