ஆண்டு 4 பிள்ளையின் முதல் பெரிய தேர்வு: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

வணக்கம். பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக 31 ஆண்டுகள் இருந்து பணி ஓய்வு பெற்றவள் நான். ஆண்டு 6 முடிவில் நடந்த அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் காலத்தில் பல வகுப்புகளைத் தயார் செய்திருக்கிறேன். ஆண்டு 4 முதல் பிள்ளைகள் எழுதும் கல்வியாண்டு இறுதித் தேர்வான யுஏஎஸ்ஏ வந்த பிறகும் சில காலம் வகுப்பில் நின்றிருக்கிறேன். கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஆண்டு 4 பிள்ளைகளைப் பற்றியவை. அதில் வியப்பில்லை. 2019 முதல் ஆண்டு 1, 2, 3 பிள்ளைகளுக்குத் தேர்வு கிடையாது. பத்து வயதில்தான் முதன்முதலாக மணி அடித்து, தாள் கொடுத்து, பேசாமல் எழுது என்கிறோம். அம்மா அப்பாவுக்கும் அது முதல் தடவைதான்.

கேள்வி (செந்தூலிலிருந்து ஓர் அம்மா): டீச்சர், மகன் ஆண்டு 4. கணிதத்துக்கு மட்டும் ஐந்து பயிற்சி நூல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தினமும் இரவு இரண்டு மாதிரித் தாள் செய்கிறான். ஆனாலும் 55, 60க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. இன்னும் என்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வாங்காதீர்கள் அம்மா. இரவு இரண்டு தாளையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவன் ஏற்கெனவே செய்து, நீங்கள் திருத்தி வைத்த ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கேள்வி இதுதான்: ஒரு தட்டில் 30 முட்டைகள். அம்மா 3 தட்டு வாங்கினார். 6 முட்டைகள் உடைந்தன. மீதியை 7 கூடைகளில் சமமாக வைத்தார். ஒரு கூடையில் எத்தனை? ஒரு பையன் 30இலிருந்து 6ஐக் கழித்து 24 என்று எழுதி, அதை 7ஆல் வகுத்து, மீதி 3 வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அழித்து அழித்துத் தாளையே கிழித்திருந்தான். அவனுக்கு வகுத்தல் வரவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் மேசைக்குக் கூப்பிட்டு, கேள்வியை விரல் வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "3 தட்டு" என்ற இடத்தில் விரல் நின்றது. "ஐயோ டீச்சர், மூணு தட்டா!" அடுத்த நிமிடம் 90, 84, 12 என்று எழுதி முடித்துவிட்டான். கணக்கு அவனுக்கு முதலிலிருந்தே வரும். கேள்வியைத்தான் அவன் பாதி படித்திருக்கிறான்.

உங்கள் மகனின் தாளிலும் தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். பாடமே தெரியாமல் போனதற்கு "தெ". தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காததற்கு "ப". நேரம் போதாமலோ சலித்துப்போயோ விட்டதற்கு "நே". எதுவென்று அவனையே சொல்லவிடுங்கள், பிள்ளைகள் இதில் உண்மையாக இருப்பார்கள். "தெ" நிறைய இருந்தால் பயிற்சி நூலை மூடிவிட்டுப் பாடநூலைத் திறக்க வேண்டும். பின்னமே புரியாத பிள்ளைக்கு இன்னும் நாற்பது பின்னக் கணக்கு கொடுப்பதில் பயனில்லை. ஒரு ரொட்டிச் சானாயை எட்டாக வெட்டிக் காட்டுங்கள். "ப" நிறைய இருந்தால், கணக்குப் போடுவதற்கு முன் எண்களுக்கு வட்டமும் கேட்கப்பட்டதற்குக் கோடும் போடப் பழக்குங்கள். என் அனுபவத்தில் ஆண்டு 4 பிள்ளைகளிடம் "ப"தான் அதிகம்.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். ஐந்து கணக்குதான், ஆனால் வழிமுறையோடு. விடை தவறினாலும் சரியான வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்பதை அவனுக்குச் சொல்லி வையுங்கள். மனக்கணக்காகப் போட்டு விடையை மட்டும் எழுதும் கெட்டிக்காரப் பிள்ளைகள் இதில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பாட்டி, பேத்தி எழுதித் தந்தது): நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். மகளும் மருமகனும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பேத்தி என்னோடுதான் இருக்கிறாள். எனக்கு மலாய் படிக்கத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. என்னால் அவளுக்கு என்ன செய்ய முடியும்?

அம்மா, எல்லாக் கேள்விகளிலும் உங்களுடையதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். உங்களால் நிறைய முடியும்.

பள்ளிவிட்டு வந்து சாப்பிட்டதும், "இன்றைக்கு அறிவியலில் என்ன படிச்சே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாது என்பதுதான் இங்கே நல்லது. தெரியாதவருக்குப் புரியவைக்க வேண்டுமென்றால் அவள் முதலில் தனக்குள் அதை ஒழுங்குபடுத்தியாக வேண்டும். செடி தண்ணீரை எப்படிக் குடிக்கிறது என்று அவள் சொல்லும்போது நடுவில் தடுமாறினால், அந்த இடம்தான் அவளுக்குப் புரியாத இடம். "எனக்கு விளங்கலையே, டீச்சரிடம் கேட்டுட்டு வந்து சொல்லு" என்று விட்டுவிடுங்கள். மறுநாள் மறக்காமல் கேளுங்கள்.

அப்புறம் தமிழ். செய்யுளும் மொழியணியும் பகுதியில் இரட்டைக்கிளவி, இணைமொழி, மரபுத்தொடர், பழமொழி என்று கேட்பார்கள். பிள்ளைகள் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்துவிட்டு, வாக்கியத்தில் போடத் தெரியாமல் நிற்பார்கள். நீங்களோ "மழை சடசடன்னு பெய்யுது", "மேடு பள்ளம் பார்த்து நட", "அவன் பேச்சைக் காதில் போட்டுக்க மாட்டான்" என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவள் பாடநூலில் உள்ள பட்டியலைப் படிக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். கட்டுரைக்கும் அதுவே தீனி.

சந்தைக்குப் போனால் அவளையும் கூட்டிப்போங்கள். நெத்திலி கிலோ 36 ரிங்கிட் என்றால் 250 கிராம் எவ்வளவு? 50 ரிங்கிட் நோட்டு கொடுத்தால் மீதி எவ்வளவு? கடைக்காரர் சொல்வதற்கு முன் அவள் சொல்ல வேண்டும். பட்டர்வொர்த்துக்குப் பெர்ரி ஏறினால் புறப்பட்ட நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் பார்த்து எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடட்டும். நேரத்தில் 60ஐ 100 என்று நினைத்துக் கழிப்பது இந்த வயதில் மிகச் சாதாரணமான தவறு. நிஜக் கடிகாரத்தில் பார்த்தால் சீக்கிரம் தெளியும்.

கேள்வி (கெப்போங், ஓர் அப்பா): மகள் ஆண்டு 5. தமிழும் கணிதமும் பரவாயில்லை. மலாய்மொழிதான் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஆனால் இப்போதே தொடங்குங்கள். இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் அந்த மொழியில்தான் நடக்கும். மலாயில் போதிய அடைவு இல்லாத பிள்ளைகள், ரிமூவ் கிளாஸ் என்று நாம் சொல்லும் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு கூடுதலாகப் படிக்க வேண்டிவரும்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று இம்புஹான், அதாவது வேர்ச்சொல்லின் முன்னும் பின்னும் சேரும் ஒட்டு. "துலிஸ்" (எழுது) தெரியும், ஆனால் "மெனுலிஸ்", "துலிசான்", "பெனுலிஸ்" எங்கே வரும் என்று தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு வேர்ச்சொல் எடுங்கள். "பாச்சா" (படி) என்றால் மெம்பாச்சா, பாச்சாஆன், பெம்பாச்சா. ஒவ்வொன்றுக்கும் அவள் வீட்டைப் பற்றியே ஒரு வாக்கியம். இரண்டாவது பென்ஜொடோ பிலாங்கான், பொருள்களை எண்ணும்போது எண்ணோடு சேர்க்கும் சொல். தமிழில் ஒரு கார், ஒரு சட்டை, ஒரு பென்சில் என்று எல்லாவற்றுக்கும் "ஒரு" போதும். மலாயில் செபுவா கெரெத்தா, செஹெலாய் பாஜு, செபாத்தாங் பென்சில். இதை நூலிலிருந்து மனப்பாடம் செய்வதைவிட, துணி மடிக்கும்போது செஹெலாய், துவா ஹெலாய் என்று எண்ணிக்கொண்டே மடித்தால் நாக்கிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டில் மலாய்ப் பிள்ளைகள் இருந்தால் விளையாடவிடுங்கள். ஒரு மாத டியூசனில் வராத சரளம் மாலையில் பந்து விளையாடும்போது வருவதை நான் பார்த்திருக்கிறேன். கட்டுரைக்கு மட்டும் தனியாக எழுத்துப் பயிற்சி வேண்டும். வாரம் ஒன்று, ஐந்தாறு வாக்கியம், ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): பிள்ளைக்கு வகுப்பு அடைவுநிலையில் டிபி4 என்று வந்தது. யுஏஎஸ்ஏவில் 82 எடுத்து ஏ கிரேட். எதை நம்புவது?

இரண்டையும். டிபி 1 முதல் 6 வரை, ஆசிரியர் ஆண்டு முழுக்க வகுப்பில் பார்த்துக் கொடுப்பது: பேச்சு, செயல்பாடு, இடுபணி எல்லாம் சேர்ந்தது. 3 என்றால் திருப்திகரம், 4 என்றால் நன்று. யுஏஎஸ்ஏ ஒரு நாள் தாளில் எழுதியது. அதில் 82 முதல் ஏ, 66 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் டி, 20 முதல் இ, அதற்கும் கீழே எஃப். முக்கியப் பாடங்களின் கேள்விகள் தேர்வு வாரியத்திலிருந்து வரும், திருத்துவது பள்ளிதான். எழுத்தில் நன்றாகச் செய்யும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தால் இப்படி வேறுபாடு வரும். ஆசிரியரைச் சந்தித்து, "இவள் டிபி5 ஆக என்ன செய்யணும்?" என்று நேராகவே கேளுங்கள். பெரும்பாலும் நல்ல பதில் கிடைக்கும்.

கேள்வி: அண்ணனின் பழைய யுபிஎஸ்ஆர் தாள்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பயன்படுமா?

கருத்துணர்தல் பகுதிக்குப் பயன்படும். கணிதத்தில் பிள்ளை படித்துவிட்ட தலைப்புகளை மட்டும் எடுங்கள். அறிவியலுக்கு வேண்டாம், பாடத்திட்டம் மாறிவிட்டது. கடைசி யுபிஎஸ்ஆர் நடந்ததே 2019இல். இன்னொன்று, அவை ஆண்டு 6 தாள்கள். ஆண்டு 4 பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மதிப்பெண் குறைகிறதென்று வருந்தாதீர்கள். பாடநூல்கள் மின்னூலாகக் கல்வி அமைச்சின் டெலிமா இணையத்தளத்திலேயே உண்டு.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், ஓர் அம்மா): தேர்வு என்றாலே காலையில் வயிற்றுவலி என்கிறாள். போன முறை பள்ளி வாசலில் வாந்தி எடுத்துவிட்டாள். நடிக்கிறாள் என்கிறார் என் கணவர்.

நடிப்பில்லை. பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டி வேறு காரணமில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், பிறகு பயத்தைப் பார்க்கலாம்.

யுபிஎஸ்ஆர் காலத்தில் 7ஏ, 7ஏ என்று, அதாவது ஏழு தாளிலும் ஏ என்று, ஊரே பேசியது. நானும் என் வகுப்பை அப்படித்தான் ஓட்டினேன். ஒரு மாணவி, நன்றாகப் படிப்பவள், தாளைக் கொடுத்ததும் பெயர் எழுத முடியாமல் கை நடுங்கினாள். "ஆறு ஏ வந்தா அப்பா யாரிடமும் சொல்ல முடியாது டீச்சர்" என்றாள். அந்த அப்பா அவளை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. ஒவ்வொரு திருமண வீட்டிலும் அவளை நிறுத்தி, 7ஏ எடுக்கப்போகிறாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நானும் வகுப்பில் அதையேதான் செய்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இன்றும் அந்தக் கை என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே உறவினர்களிடம் அவள் மதிப்பெண்ணைப் பற்றி அவள் எதிரில் பேசுவதை நிறுத்துங்கள், பெருமையாகப் பேசுவதையும்கூட. வீட்டில் வாரம் ஒருமுறை சமையலறை மேசையில் கடிகாரம் வைத்து, 20 நிமிடத்துக்குச் சின்னத் தாள் எழுதட்டும், மதிப்பெண் போடாதீர்கள். மணி, தாள், அமைதி மூன்றும் பழகிவிட்டால் பயத்தில் பாதி குறையும். முதலில் தாள் முழுக்கப் புரட்டிப் பார்த்து, நன்றாகத் தெரிந்த கேள்வியில் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு விடை எழுதிவிட்டால் கை தானாக நிதானத்துக்கு வரும். தேர்வு நாளில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். இட்லியோ ரொட்டியும் மைலோவுமோ, அதுவும் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே.

கேள்வி: மகன் ஆண்டு 1. இப்போதே டியூசனில் போட்டால் ஆண்டு 4க்கு உதவுமா?

வேண்டாம். இரவு பத்து நிமிடம் தமிழில் ஒரு கதை, அவன் பாதி, நீங்கள் பாதி, வாய்விட்டுப் படியுங்கள். மூன்று வருடம் இதைச் செய்த பிள்ளை ஆண்டு 4இல் கேள்வித்தாளைப் பார்த்து மிரளாது.

கேள்வி (ஜெலுத்தோங்): மகளுக்கு ஒன்பது வயது. பேசினால் அறிவாகப் பேசுகிறாள். படிக்கச் சொன்னால் எழுத்துகளை மாற்றிப் படிக்கிறாள், வரியைத் தாவுகிறாள். சோம்பேறி என்று அடித்தும்விட்டேன்.

அடித்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள், முதலில் அது. ல, ள, ழ குழப்பமும் பள்ளி, பல்லி குழப்பமும் எல்லாப் பிள்ளைக்கும் வரும், பழகினால் போகும். வாயால் நன்றாகச் சொல்பவள் படிப்பதில் மட்டும் இவ்வளவு திணறினால் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், அரசு கிளினிக்கில் குழந்தை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூரில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கமும் உண்டு. அது உறுதியானால் படிப்பிக்கும் முறையை மாற்ற வேண்டும், அவள் தேர்வு எழுத என்ன உதவி கிடைக்கும் என்பதையும் பள்ளியிடம் கேட்கலாம். தள்ளிப்போடாதீர்கள். ஒன்பது வயது இன்னும் நல்ல வயதுதான்.

கேள்வி (செராஸ், ஓர் அப்பா): நாளை மறுநாள் முதல் தாள். இன்றும் நாளையும் என்ன படிக்க வைக்கலாம்?

இன்று, முதல் பதிலில் சொன்ன மாதிரி "ப" (சரியாகப் படிக்காதது) போட்ட கேள்விகளை மட்டும் அவன் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். நாளைக்கு மாலை ஐந்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிடுங்கள். 2பி பென்சில் இரண்டு, நல்ல அழிப்பான், அடிக்கோல், தண்ணீர் பாட்டில். பையில் அவனே எடுத்து வைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். ஒன்பதரைக்கு விளக்கை அணையுங்கள். தேர்வு முடிந்து வரும்போது "எப்படி எழுதினே?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். பசியோடு வருவான், முதலில் சோறு போடுங்கள்.