என்னைக் காப்பாற்றிய நாய், என் மாமியாரைப் பார்த்து ஏன் உறுமுகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயது ராஜபாளையம் நாய் இருக்கிறது. ஆண். பெயர் வெள்ளையன். குட்டியாக வந்த நாளிலிருந்து சோறு வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். போன தை மாதம் ஒரு சாயங்காலம் வாசலில் நின்றிருந்தேன். பைக்கில் வந்த ஒருவன் என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். வெள்ளையன் பாய்ந்து அவன் காலைக் கவ்வவும் விட்டுவிட்டு ஓடிவிட்டான். தெருவே அதைக் கொண்டாடியது. அதற்குப் பிறகுதான் சிக்கல். சாயங்காலம் நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது என் மாமியார் பக்கத்தில் வந்தால் உறுமுகிறது. கணவர் என் தோளில் கை வைத்தால் நடுவில் புகுந்து நிற்கிறது. போன வாரம் மாமியாரின் சேலையைக் கவ்வி இழுத்துவிட்டது. ஆனால் நான் கடைக்குப் போயிருந்தால் அவர் கையாலேயே பிஸ்கட் வாங்கித் தின்கிறது! “கடிக்கிறதுக்கு முன்னாடி யாருக்காவது கொடுத்துடும்மா” என்கிறார் அத்தை. எனக்கோ இன்னும் யாராவது பின்னால் வந்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. இது இல்லாமல் எப்படி இருப்பேன்? ஏன் இப்படிச் செய்கிறது?
ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளையனைக் கொடுத்துவிடும் நிலை இன்னும் வரவில்லை. அதே சமயம், சேலையைக் கவ்விய பிறகும் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிட முடியாது. இன்றிலிருந்தே சில பழக்கங்களை மாற்ற வேண்டும்.

நீங்கள் இல்லாதபோது உங்கள் மாமியார் கையால் பிஸ்கட் வாங்கித் தின்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்குப் பாதி நிம்மதி. அவர்மீது அதற்குப் பகை எதுவும் கிடையாது. நீங்கள், அந்தக் கட்டில், அந்தச் சாயங்கால நேரம் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது மட்டும்தான் உறுமல் வருகிறது. அப்போது வேறு யார் பக்கத்தில் வந்தாலும் அநேகமாக இதேதான் நடக்கும்.

நாய்க்குத் தன்னை வளர்ப்பவர் அருகில் இருந்தால் தைரியம் கூடும். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஒரு சோதனை செய்தார்கள். உருட்டி, தள்ளி உணவை வெளியே எடுக்க வேண்டிய பொம்மைகளை நாய்களிடம் கொடுத்தார்கள். வளர்ப்பவர் அறையில் இருந்தபோது நாய்கள் விடாமல் முயன்றன. அவர் இல்லாதபோது சீக்கிரமே கைவிட்டன. அவருக்குப் பதிலாக அறிமுகமில்லாத ஒருவர் இருந்தும் பெரிய பலன் இல்லை. வெள்ளையனுக்கும் உங்கள் காலடிதான் அந்தத் தைரியம் பிறக்கும் இடம். உங்களை ஒட்டி நிற்கும்போது உறுமும் நாய், தனியாக இருந்தால் பேசாமல் விலகிப் போய்விடலாம்.

இதோடு அதன் பிறவிக் குணத்தையும் சேர்த்துப் பாருங்கள். ராஜபாளையம் நாய்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீடு, தோட்டக் காவலுக்கும் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. 2005-இல் அஞ்சல்துறை நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இடம்பெற்றது. நமக்குப் பெருமையான இனம்தான். ஆனால் புது ஆட்களிடம் எளிதில் ஒட்டாது. வீட்டில் ஒருவரை மட்டும் சுற்றிவரும். காவல் குணம் எந்த நாய்க்கும் பிறந்தவுடன் வெளிப்படாது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள், உடலும் மனமும் முதிரும்போதுதான் தலைதூக்கும். வெள்ளையன் சரியாக அந்த வயதில் இருக்கிறது. மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரையிலான குட்டிப் பருவத்தில் எத்தனை விதமான மனிதர்களைப் பார்த்துப் பழகியது என்பதும் முக்கியம். அந்தக் காலத்தில் உங்கள் ஒருவர் கைதான் அதற்கு உலகம் என்றால், மற்றவர்களெல்லாம் அதற்கு இன்னும் பாதி அந்நியர்கள்தான்.

இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதி. யாராவது பின்னால் வந்தாலே தூக்கிவாரிப் போடுகிறது என்கிறீர்கள். சங்கிலிப் பறிப்பு நடந்ததும் சாயங்காலம். வெள்ளையன் உறுமுவதும் சாயங்காலம். இத்தாலியில் நேப்பிள்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பயமூட்டும் வீடியோ பார்த்தவர்களின் வியர்வையையும், மகிழ்ச்சியான வீடியோ பார்த்தவர்களின் வியர்வையையும் தனித்தனியே எடுத்து நாய்களை முகரவிட்டார்கள். பயந்தவர்களின் வியர்வையை முகர்ந்த நாய்களுக்கு இதயத் துடிப்பு கூடியது, பதற்றம் தெரிந்தது, தங்களை வளர்ப்பவரிடம் போய் ஒட்டிக்கொண்டன. மகிழ்ந்தவர்களின் வியர்வையை முகர்ந்தவை அறையிலிருந்த அந்நியரிடமும் இயல்பாகப் போய்ப் பழகின. நீங்கள் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதே இல்லை. பொழுது சாயும்போது உங்கள் உடம்பில் ஏறும் பயம் அதன் மூக்குக்குப் போய்விடுகிறது. மாமியாரின் காலடிச் சத்தம் கேட்டு நீங்கள் ஒரு நொடி விறைத்தால், ‘வருவது ஆபத்து’ என்று அது படித்துக்கொள்கிறது.

உங்கள்மேல் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, சகோதரி. கழுத்தில் கை வைத்தவனை உடம்பு அவ்வளவு சீக்கிரம் மறக்காது. தூக்கம் கெட்டால், வாசலுக்குப் போகவே தயங்கினால், நீங்களும் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையிலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. உங்கள் பதற்றம் குறைந்தால் அதனுடையதும் குறையும் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

கணவர் தோளில் கை வைத்தால் நடுவில் புகுவது வேறு கதை. 2014-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 36 நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வளர்ப்பவர்கள் குரைத்து வாலாட்டும் ஒரு பொம்மை நாயைக் கொஞ்சியபோது, அவர்கள் புத்தகம் படித்த நேரத்தைவிட அதிகமாக நாய்கள் இடையில் புகுந்தன, அவர்களை முட்டித் தள்ளின. கிட்டத்தட்ட பொறாமைதான். உறுமாமல் நுழைகிற வரை பயப்பட வேண்டாம். எழுந்து இரண்டடி தள்ளி நின்றுகொள்ளுங்கள், போதும். கொஞ்சி விலக்கவும் வேண்டாம், திட்டி விலக்கவும் வேண்டாம்.

அப்படியென்றால் அன்று அது உங்களைக் காப்பாற்றவில்லையா என்று கேட்பீர்கள். காப்பாற்றியது, சந்தேகமே இல்லை. 2020-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவர்கள் ஒரு பெரிய பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதுபோல் இருந்து உதவி கேட்டுக் கத்தினார்கள். 60 நாய்களில் 20 பெட்டியைத் திறந்தன. மூன்றில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அதே பெட்டிக்குள் உணவு போட்டபோதும் 19 நாய்களுக்குத்தான் திறக்கத் தெரிந்தது. அந்தப் பத்தொன்பதில் 16 வளர்ப்பவரையும் மீட்டன. வழி தெரிந்த நாய் பெரும்பாலும் உதவிக்கு வந்துவிடுகிறது. வெள்ளையனும் வந்தது. திருடன் யார், மாமியார் யார் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் அதற்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.

சரி, இனி செய்ய வேண்டியது. முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. திடீரென்று முரடாக மாறும் நாய்க்குக் காதுவலி, மூட்டுவலி, தைராய்டு கோளாறு ஏதாவது இருக்கலாம். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை இருப்பது தெரிந்த விஷயம். ஒரு காது மட்டும் கேட்காமல் இருந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பின்னாலிருந்து ஆள் வந்ததும் பதறிப் பாயும். உங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரம்தான். அங்கே காட்டுங்கள்.

அடுத்து, உறுமினால் யாரும் அடிக்கக் கூடாது. கணவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உறுமல் என்பது ‘எனக்கு ஒப்பவில்லை, நில்’ என்று அது தரும் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் எச்சரிக்கை மட்டும்தான் போகும், கலக்கம் உள்ளேயே இருக்கும். பிறகு சத்தமே இல்லாமல் கடிக்கும். அடிக்குப் பயந்து எதிர்த்துக் கடித்த நாய்களை நிறையவே பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் இதே கெடுதலைத்தான் செய்யும். அப்புறம், உறுமும்போது ‘என் சிங்கம்’ என்று தடவிக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். தை மாதத்துப் பாராட்டு அன்றோடு முடிந்திருக்க வேண்டியது.

கட்டில் இப்போதைக்கு உங்களுக்கு மட்டும். வெள்ளையனுக்கு நாலைந்து அடி தள்ளி ஒரு சாக்கை விரித்து, அதில் படுத்தால் தின்பண்டம் கிடைக்கும் என்று பழக்குங்கள். அது நன்றாகப் படிந்த பிறகு உங்கள் மாமியாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாட்களில் அவர் அறை வாசலுக்கு மேல் வரவேண்டாம். அவர் தலை தெரிந்ததும் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று சாக்கில் விழட்டும், அவர் போனதும் நின்றுவிடட்டும். வரிசை முக்கியம்: முதலில் ஆள், பிறகு கோழி. ‘இந்த அம்மா வந்தால் நல்லது நடக்கும்’ என்று அதற்குப் பிடிபட வாரக்கணக்கில் ஆகும். நாய் தளர்வாக இருந்தால் மட்டும் மறுநாள் ஓர் அடி முன்னால் வரலாம். உடம்பு விறைத்தாலோ, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தாலோ, பசியில்லாத நேரத்தில் நாக்கால் மூக்கை நக்கினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். மாமியார் குனிந்து தலையைத் தடவ வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று, சோறு வைப்பதும் நடக்கக் கூட்டிப் போவதும் உங்கள் ஒருவர் கையிலேயே இருக்க வேண்டாம். காலையில் கணவர் கூட்டிப் போகட்டும். நீங்கள் சமையலறையில் இருக்கும்போது சாயங்காலச் சோற்றை அத்தையே வைக்கட்டும்.

கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலும், விருந்தாளி வந்தாலும், கதவைத் திறக்கும் முன் வெள்ளையனைப் பின்னறையில் விட்டுத் தாழ்போடுங்கள். சிறு பிள்ளைகள் வரும் நாட்களில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம்விடும் கூடை வடிவ வாய்ப்பூட்டு வாங்கி, அதற்குள் தின்பண்டம் வைத்துப் பொறுமையாகப் பழக்கிவையுங்கள். மருத்துவரிடம் போகும்போதும் உதவும்.

உங்கள் மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் வயதில் ஒரு கடி, ஒரு தள்ளல்கூடப் பெரிய காயமாகிவிடும். அவரிடம், “அத்தை, மூணு மாசம் பார்ப்போம், அதுவரை உங்க பக்கத்தில் அதைத் தனியா விடமாட்டேன்” என்று சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஆழமாகப் பல் பதியக் கடித்தாலோ, எந்தக் காரணமும் தெரியாமல் பாய்ந்தாலோ, காவல் நாய் வளர்த்து அனுபவமுள்ள, பிள்ளைகள் இல்லாத இடத்தில் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் உறுமியதையும் கவ்வியதையும் மறைக்காமல் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

எப்போதாவது பல் பட்டுவிட்டால், சிறு கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வளர்த்த நாய்தானே என்று மஞ்சள் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். வெள்ளையனின் வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள்; ஒரு வருடம் தாண்டியிருந்தால் ராமையன்பட்டிக்குப் போகும்போது அதையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.